ஒரே சிவப்பில் இரண்டு பைகள்

நான் ஆம்புலன்ஸில் வேலை பார்ப்பவள். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஆளைச் சாகவிடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. அதற்காகக் கோயம்புத்தூரில் படித்தேன். ஊர்க்காரர்கள் மரியாதையாக இருக்கும்போது "சிஸ்டர்" என்பார்கள். கோபம் வந்தால் "ஏட்டி" என்பார்கள்.

எங்கள் வண்டி ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தம். சங்கரன்கோவிலில் புளியங்குடி போகிற சாலையில், இப்போது ஓடாத ஒரு லாரி எடைமேடையின் அறையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. இந்தப் பக்கம் பஞ்சர் கடை, அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை. அழைப்பு வந்தால் ஓடுவோம். வராதபோது உட்கார்ந்திருப்போம்.

அந்த உட்கார்ந்திருக்கிற நேரம்தான் எனக்கு ஆகாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலை, குருவிகுளம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். புருஷன் பெண்டாட்டியின் முகத்தில் அம்மிக்குழவியைப் போட்டிருந்தான். தாடை எலும்பு இரண்டாகி நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது. வழி நெடுக அவள் நாக்கை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன். வலியில் அவள் என் விரலைக் கடித்தாள். அவளை ஒப்படைத்துவிட்டு அறைக்கு வந்து உட்கார்ந்தால் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. டிரைவர் அண்ணாச்சி போனில் யாரோ மாடு பிடிக்கிற வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார். என் விரலில் பல் பதிந்த தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த அழைப்பு வரும்வரை வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

கோயம்புத்தூர் ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட ஒரு விளையாட்டு எனக்குத் தெரியும். ஒருத்தி கதை சொல்லுவாள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி திருடி, ஒருத்தி வைத்தியச்சி, ஒருத்தி போர்வீரி என்று. கதவை உடைக்கிறேன், காவலாளியைக் குத்துகிறேன் என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பகடை என்றால் தாயக்கட்டை மாதிரி இல்லை. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று பல தினுசு. சனிக்கிழமை மதியம் தொடங்கினால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை விளையாடுவோம். அதை இங்கே கொண்டுவந்தால் என்ன என்று தோன்றியது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். ஐம்பதை நெருங்குகிறவர், இருபது வருடம் லாரி ஓட்டியவர். ரோட்டில் பூனை குறுக்கே போனால்கூட ஹார்ன் அடிக்காமல் நின்று வழிவிடுகிற மனிதர்.

"இது தாயம் ஆடுத மாதிரியா மக்கா?"

"இல்ல அண்ணாச்சி. நாம நாடகம் போடுத மாதிரி. ஆனா முடிவு யாருக்கும் தெரியாது."

"சரி, என்னை வில்லனாப் போட்டுரு."

பஞ்சர் கடைக்காரரும் ஜெராக்ஸ் கடை அக்காவும் சேர்ந்தார்கள். நாலு பேர் ஆனோம்.

இந்த விளையாட்டை நடத்துகிறவளுக்குச் சாமான் நிறைய உண்டு. பகடைகள், பாத்திரங்களின் விவரம் எழுதிய தாள்கள், கோட்டையும் காடும் வரைந்த வரைபடம், அதன் மேல் நகர்த்துகிற சிறிய பொம்மைகள், பென்சில், ஸ்கேல், என் கதை நோட்டு. வீட்டில் விளையாடுகிறவர்கள் மேசையில் பரப்பிவைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். எங்களுக்கு அது முடியாது. போன் அடித்தால் அடுத்த நிமிடம் மேசை காலியாக வேண்டும். அழைப்பு முடிந்து வந்தால், எங்கே விட்டோமோ அங்கிருந்து தொடங்கவும் வேண்டும். எந்தப் பையில் போட்டாலும் பகடை ஒரு மூலைக்குப் போய்விடும், தாள் கசங்கிவிடும், பொம்மையின் கை உடைந்துவிடும்.

அப்போதுதான் அறக்கட்டளையில் எங்களுக்குப் புது முதலுதவிப் பை கொடுத்தார்கள். முதுகில் மாட்டுகிற சிவப்புப் பை, நடுவில் வெள்ளியாக மின்னுகிற பட்டை. பழையதும் அதே பைதான். ஒரு பக்கம் தையல் விட்டிருந்ததால் கழித்துவிட்டார்கள். அதை நான் எடுத்து, பஞ்சர் கடைக்காரரிடம் கொடுத்துக் கோணியூசியால் தைத்து வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பையைப் போல இந்த வேலைக்கு வேறொன்று கிடைக்காது. மூன்று பக்கமும் ஜிப் திறந்தால் புத்தகம் போல விரியும். உள்ளே இருப்பது எல்லாம் ஒரே பார்வையில் கண்ணுக்குத் தெரியும். மருந்துக் குப்பிகள் செருகுகிற எலாஸ்டிக் வளையங்களில், பகடைகளைச் சின்ன சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் போட்டுச் செருகினேன். பேண்டேஜ் வைக்கிற கண்ணாடித்தாள் பைகளில் பாத்திரத் தாள்கள். ஜெராக்ஸ் அக்கா அவற்றை லேமினேஷன் போட்டுக் கொடுத்திருந்தார். கத்தரிக்கோல் செருகுகிற இடத்தில் பென்சிலும் ஸ்கேலும். குளுக்கோஸ் பாட்டில் வைக்கிற நீளப் பையில் வரைபடம். ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டி, பின்புற வெள்ளையில் வரைந்த வரைபடம் அது. ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்தால் அழிந்துவிடும், மறுபடி வரையலாம். எம்-சீல் பசையைப் பிசைந்து நானே செய்து வண்ணம் பூசிய பொம்மைகளுக்கு அடியறையில் பஞ்சு மெத்தை. போன் அடித்தால் நூறு எண்ணுவதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி ஜிப் போட்டுவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அண்ணாச்சி மட்டும் ஒரு தடவை சொன்னார். "ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு போல இருக்கு மக்கா. ஒரு துணியையாவது கட்டி வை."

"இது ரூமை விட்டு வெளிய வராது அண்ணாச்சி" என்றேன். கட்டவில்லை.

விளையாட்டில் அண்ணாச்சி ஒரு கொள்ளைக்காரன். நிஜத்தில் கொசுவை அடிக்கக்கூட யோசிக்கிறவர், கதைக்குள் போனால் முதல் வார்த்தையே வெட்டுதான். "பேச்சு என்ன பேச்சு, கழுத்துல போடுதேன்" என்று பகடையை உருட்டுவார். வைத்தியச்சியாக வந்த ஜெராக்ஸ் அக்கா நோயாளிக்கே விஷம் வைப்பார். குதிரை வியாபாரியாக வந்த பஞ்சர் கடைக்காரர் ஒருவர்தான் எதையாவது விற்று உயிர் தப்பப் பார்ப்பார்.

வெட்டை விவரிப்பது என் பங்கு. எனக்குத் தெரிந்தபடியே விவரிப்பேன். கழுத்தில் வெட்டுப்பட்டவன் உடனே விழமாட்டான், கையால் பொத்திக்கொண்டு நாலு எட்டு நடப்பான், எதையோ சொல்லப் பார்ப்பான், காற்றுதான் வரும் என்பேன். வயிற்றில் குத்துப்பட்டவன் தண்ணீர் கேட்பான் என்பேன். "ஏட்டி, நிறுத்துதியா, நான் சோறு திங்கணும்" என்று ஜெராக்ஸ் அக்கா கத்துவார். ஆனால் நிறுத்தினால் அவருக்கே பிடிக்காது. காலையில் ரோட்டில் பார்த்ததை மத்தியானம் கோட்டைக்குள் கொண்டுபோய்க் கொட்டிவிட்டால் எனக்கு இலேசாகிவிடும். அப்போது அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அறையில் கரையான் மருந்து அடித்திருந்தார்கள். உள்ளே இருக்க முடியாத நெடி. காலை பதினோரு மணி வெயிலில் வெளியேயும் உட்கார முடியாது. வண்டியின் பின்பக்கத்திலேயே உட்கார்ந்து விளையாடினோம். ஸ்ட்ரெச்சர் மேல் வரைபடம். நாலு பேரும் நெருக்கி உட்கார, பக்கக் கதவை ஒட்டிக் கொக்கியில் தொங்கிய முதலுதவிப் பையை எடுத்து இருக்கைக்கு அடியில் தள்ளினேன். தள்ளியது நான்தான்.

கோட்டைக் காவலாளியை வெட்டுவதா ஏமாற்றுவதா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கரிவலம்வந்தநல்லூர் தாண்டி உள்ளே ஒரு கிராமம். தோட்டத்தில் அருவாள் வெட்டு, ஒரு ஆள், ரத்தம் நிற்கவில்லை.

பஞ்சர் கடைக்காரரும் ஜெராக்ஸ் அக்காவும் இறங்கி ஓடினார்கள். அண்ணாச்சி முன்னால் போய் வண்டியை எடுத்தார். நான் வழக்கமான வேகத்தில் அடுக்கி, ஜிப் போட்டு, பையைப் பக்கக் கதவு ஓரம் வைத்தேன். பிறகு கையுறை மாட்டினேன், ஆக்சிஜனைப் பார்த்தேன், போனில் பேசிய ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, "துணியை வச்சு அழுத்திப் பிடிங்க, விட்டுறாதிய" என்றேன். அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது.

கிராமத்தைத் தாண்டி வண்டிப்பாதையில் போனோம். ஓர் இடத்தில் வாய்க்கால் அறுத்துப் பாதை முடிந்துவிட்டது. அங்கே நாலைந்து பேர் துண்டை வீசிக்கொண்டு நின்றார்கள். "அந்தா, கிணத்துக்கிட்ட" என்று காட்டினார்கள். தூரத்தில் ஒரு மோட்டார் ரூம் தெரிந்தது. இடையில் முழுக்கப் பருத்திக்காடு.

"நீ ஓடு மக்கா, நான் வண்டியத் திருப்பிப் போட்டுட்டு ஸ்ட்ரெச்சரோட வாரேன்" என்றார் அண்ணாச்சி.

பக்கக் கதவைத் திறந்தேன். கை வழக்கமாகப் போகிற இடத்துக்குப் போனது. சிவப்புப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்பில் ஓடினேன். எடை குறைவாக இருந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

கிணற்றடியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மல்லாந்து கிடந்தார். தோளில் ஒரு வெட்டு பிளந்து, உள்ளே வெள்ளையாக எலும்பு. தடுக்க நீட்டிய இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. வலது கையில் முழங்கைக்கு மேலே உள்பக்கம் விழுந்த வெட்டிலிருந்து ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டுக்கொண்டிருந்தது. அவர் பெண்டாட்டி ஒரு துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். துண்டு ஊறிச் சொட்டியது. சுற்றிலும் இருபது பேர் இருப்பார்கள்.

வெட்டியவனும் அங்கேயே இருந்தான். கிடந்தவரின் கூடப்பிறந்த தம்பி. தண்ணீர் பாய்ச்ச மோட்டார் முறை யாருக்கு என்பதில் வந்த தகராறு. கிணற்றுச் சுவரில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அருவாள் அவன் மடியில் கிடந்தது. யாரும் அவன் பக்கத்தில் போகவில்லை. என்னைப் பார்த்து அவன்தான் முதலில் பேசினான்.

"சட்டுனு பாருட்டி. செத்துரப்போறான்."

மண்டியிட்டுப் பையை இறக்கி மூன்று பக்க ஜிப்பையும் ஒரே இழுப்பில் திறந்தேன்.

உள்ளே பகடைகள் இருந்தன. பச்சை, நீலம், சிவப்பு. பஞ்சு மெத்தையில் வாள் தூக்கிய பொம்மைகள். நீளப் பையிலிருந்து வரைபடம் சரிந்து பாதி விரிந்து, ஃப்ளெக்ஸின் மறுபக்கத்து மாப்பிள்ளையும் பொண்ணும் சிரித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள்.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. பிறகு யாரோ ஒருத்தி, "என்னது இது, சின்னப்புள்ளைய சாமான்?" என்றாள்.

"பை மாறிட்டு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வண்டிப் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, பையி! சீட்டுக்கு அடியில!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் தூரத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கேட்டிருக்காது. துண்டு வீசியவர்களில் ஒருவன் வண்டியை நோக்கி ஓடினான்.

துண்டை விலக்கிவிட்டு, அக்குளுக்குக் கீழே உள்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து எலும்போடு சேர்த்து அழுத்தினேன். பீறிட்டது குறைந்தது. அப்போது இடது காதில் அடி விழுந்தது. உள்ளே ஏதோ கிழிந்தது போல ஒரு சத்தம். அதன் பிறகு அந்தக் காதில் விசில் மட்டும்தான்.

அடித்தவன் கிடந்தவரின் மச்சினன், பெண்டாட்டியின் அண்ணன். "வெளாடவா வந்த? இங்கன ஆளு சாகுதான், நீ வெளாடவாட்டி வந்த?" என்று விலாவில் உதைத்தான். பொம்மைகள் அவன் காலடியில் நொறுங்கின. வேறு யாரோ முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். யாரோ முதுகில் குத்தினார்கள். நான் விரலை எடுக்கவில்லை. தைரியமெல்லாம் இல்லை. விரலை எடுத்தால் அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"கைய எடுத்தா செத்துருவாரு! கைய எடுத்தா செத்துருவாரு!" என்று அதையே திருப்பித் திருப்பிக் கத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த உதை விழுவதற்குள் அவர் பெண்டாட்டி எழுந்தாள். வாய்க்கால் ஓரம் கிடந்த மண்வெட்டியை எடுத்துக் காம்பால் தன் அண்ணனின் முழங்காலில் ஓங்கிப் போட்டாள். அவன் "அம்மா" என்று உட்கார்ந்தான். "தொட்டேன்னா மண்டையப் பொளந்துருவேன் பாத்துக்க. தள்ளுங்கல எல்லாரும்" என்று அவள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். முடியைப் பிடித்த கை விட்டது.

"சேலையக் கிழிங்க" என்றேன். "நாலு விரல் அகலம்."

கேள்வி கேட்காமல் பல்லால் கடித்து முந்தானையைக் கிழித்தாள். வெட்டுக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றச் சொன்னேன். முறுக்குவதற்குக் கட்டையாக எதையாவது கேட்டேன். மோட்டார் ரூம் வாசலில் கிடந்த ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். முடிச்சுக்குள் செருகி முறுக்கினேன். கிடந்தவர் அதுவரை முனகிக்கொண்டிருந்தவர், அப்போது அலறினார். இன்னும் முறுக்கினேன். ரத்தம் நின்றது. சட்டைப் பையிலிருந்த பேனாவால் அவர் நெற்றியில் மணியை எழுதினேன். கட்டு எவ்வளவு நேரமாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள்.

அண்ணாச்சி சரியான பையோடு வரப்பில் ஓடி வந்தார். வந்தவரை இரண்டு பேர் மறித்து நெஞ்சில் தள்ளினார்கள். மச்சினன் நொண்டிக்கொண்டே எழுந்து, "இவனும் ஒரு களவாணிதான்" என்று அவர் சட்டையைப் பிடித்தான். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். என் காதிலிருந்து கழுத்து வரை ரத்தம் வழிந்திருந்தது. அது எனக்கே அப்போது தெரியாது.

பையைக் கீழே வைத்தார், நிதானமாக. பிறகு மச்சினன் மூக்கில் ஒரே குத்து. மட்டை உடைகிற மாதிரி சத்தம். அவன் விழுந்த பிறகும் குனிந்து இன்னும் இரண்டு. அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "அண்ணாச்சி, போதும்! ஸ்ட்ரெச்சர்!" என்று கத்தினேன். தூக்கத்திலிருந்து எழுந்தவர் மாதிரி நிமிர்ந்து தன் கையைப் பார்த்தார்.

கிணற்றுச் சுவரில் இருந்தவன் அதுவரை இறங்கவில்லை. நாங்கள் அவன் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "பாத்து, பாத்து, வரப்பு வழுக்கும்" என்றான்.

வண்டியில் உதவிக்கு ஒரு ஆண் வேண்டும் என்றேன். ஏறியது மச்சினன்தான். வேறு யாரும் ஏற வரவில்லை. அவனுடைய தங்கை தலைமாட்டில், அவன் கால்மாட்டில். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து சட்டையில் சொட்டியது. நான் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, பாட்டிலை அவனிடம் நீட்டினேன்.

"உயரத் தூக்கிப் பிடிங்க. இறக்காதிய."

பிடித்துக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் பஞ்சை எடுத்துக் கொடுத்து, "மூக்கு நடுவுல அழுத்திப் பிடிச்சுக்கிட்டுத் தலையக் குனிங்க" என்றேன்.

"ரெண்டையும் எப்படிப் பிடிக்க?" என்றான்.

பாட்டிலைக் கம்பியில் மாட்டிவிட்டேன். அவன் மூக்கைப் பிடித்துக் குனிந்துகொண்டான். அழுகிறான் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. எனக்கு மூச்சு இழுத்தால் விலாவில் குத்தியது. சைரன் என் வலது காதில் மட்டும் கேட்டது.

சங்கரன்கோவிலில் ரத்தம் ஏற்றி, அங்கிருந்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அவர் பிழைத்தார். வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் நான் திருநெல்வேலிக்குப் போய், கையை எடுத்த டாக்டரைப் பார்த்து, பை மாறியதைச் சொல்லி, அந்த நாலைந்து நிமிடம் தாமதமாகாமல் இருந்திருந்தால் கை தப்பியிருக்குமா என்று கேட்டேன். "நரம்பு, எலும்பு எல்லாம் போயிருந்தது" என்றார். "தப்பியிருக்குமா சார்?" என்று மறுபடி கேட்டேன். "ஆளு உயிரோட இருக்கான்மா, அதப் பாரு" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என் கேள்விக்கு அது பதில் இல்லை. வேறு டாக்டரிடம் நான் கேட்கவும் இல்லை.

அறக்கட்டளைக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. "கூட்டம் மறிச்சதுல பை வந்துசேர லேட்டாயிட்டுன்னு எழுது. பொய்யும் இல்ல" என்றார் அண்ணாச்சி. ஜெராக்ஸ் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "அவரு சொல்லுதபடி அடிக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். பை, பகடை, பொம்மை எல்லாம். அவர் டைப் அடித்துக்கொண்டே, "வேலை போயிரும்ட்டி" என்று அழுதார். வேலை போகவில்லை. ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். ஆள் மேல் கை வைத்ததற்காக அண்ணாச்சிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

ஆனால் விசாரிக்க வந்த போலீஸ்காரர், "யாரும்மா உங்கள அடிச்சா?" என்று கேட்டபோது, வரப்பில் விழுந்துவிட்டேன் என்றேன். ஒரு இடத்தில் உண்மை சொன்னவள் இன்னொரு இடத்தில் பொய் சொன்னேன். என் தப்புக்கு அந்த அடி சரியாகப் போயிற்று என்று அப்போது நினைத்தேன் போல. இப்போது அப்படி நினைக்கவில்லை. கிழிந்த செவிப்பறை பாதிதான் சேர்ந்தது. அடித்தது அடித்ததுதான். சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஒரு மாதத்தில் இரண்டு தடவை வார்டுக்குப் போனேன். முதல் தடவை வாசலோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி என்னை அடையாளம் கண்டு, கட்டில் ஓரம் இடம் ஒதுக்கினாள்.

"காது எப்படி இருக்கு?" என்றாள்.

"பரவாயில்லக்கா."

பிறகு அவளே கேட்டாள். "அந்தப் பையில இருந்துச்சே, அது என்னது? எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல."

மறைக்காமல் சொன்னேன். ஒரு விளையாட்டு, நாலு பேர் உட்கார்ந்து கதை மாதிரி பேசுவோம், சண்டை வரும், வெட்டு குத்து வரும், வெட்டு விழுந்ததா இல்லையா என்று அந்தக் கட்டையை உருட்டிப் பார்ப்போம் என்றேன். சொல்லச் சொல்ல என் வாயே எனக்குக் கசந்தது.

"வெட்டுத மாதிரியா வெளாடுவிய?"

"ஆமாக்கா."

"தெனமும் இதப் பாத்துக்கிட்டுமா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பிப் போர்வையைச் சரிசெய்தாள். கை இல்லாத பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. "தம்பிக்காரன் ஜாமீன்ல வந்துட்டான். ஊருக்குப் போனா அதே கிணறு, அதே மோட்டாருதான்" என்றாள். புறப்படும்போது என் கையில் ஒரு ஆரஞ்சுப்பழத்தைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

வேலைக்குத் திரும்பியதும், அண்ணாச்சி கிணற்றடியிலிருந்து எடுத்து வந்திருந்த அந்தச் சிவப்புப் பையை நானே கத்தரித்தேன். துண்டு துண்டாக. விளையாட்டை நான் எடுக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. அண்ணாச்சி அழைப்பு இல்லாத நேரத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் துடைத்துக்கொண்டே சொன்னார். "முதக் குத்து கோவத்துல மக்கா. மத்த ரெண்டும் கோவம் இல்ல. நல்லா இருந்துச்சு. அதத்தான் யாருகிட்ட சொல்லன்னு தெரியல." நான் கேட்டுக்கொண்டேன். அதற்கு மருந்து எந்தப் பையிலும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து பஞ்சர் கடைக்காரர்தான் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெரிய பூப்போட்ட பை, கைப்பிடி ஒன்று அறுந்தது. உள்ளே அவர் எடுத்து வைத்திருந்த மிச்சப் பகடைகள், லேமினேஷன் தாள்கள், என் நோட்டு. பொம்மைக்குப் பதில் நட்டும் போல்ட்டும். எல்லாம் ஒன்றோடொன்று உருண்டு கிடந்தன.

"இத எப்படிண்ணே அவசரத்துக்கு அடுக்க?" என்றேன்.

"நீங்க எதுக்கு அடுக்குதிய? போன் வந்தா கைய வீசிக்கிட்டுப் போங்க. நாங்க ரெண்டு பேரும் சும்மாதான இருக்கோம், நாங்க அடுக்குதோம்."

அவ்வளவு எளிய ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுபடி தொடங்கியபோது அண்ணாச்சி கொள்ளைக்காரன் வேண்டாம் என்றார். ஓடக்காரனாக இருக்கிறேன் என்றார். நானும் வெட்டைப் பழையபடி விவரிக்கவில்லை. கதையில் சண்டை வராமல் இல்லை. வந்தால், யார் விழுந்தான், யார் எழுந்தான் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஜெராக்ஸ் அக்காவுக்கு அது சப்பென்று இருந்தது. முகத்தில் தெரிந்தது, வாயால் சொல்லவில்லை.

போன வாரம் விளையாட்டின் நடுவில் ஒரு அழைப்பு. ராஜபாளையம் சாலையில் லாரியும் பைக்கும். பைக்கில் வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். மார்பு அமுங்கிப்போயிருந்தது. வழி முழுக்க மூச்சு கொடுத்துக்கொண்டே வந்தேன். வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது டாக்டர் அவர் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். திரும்பி வந்து குழாயடியில் முழங்கை வரை கழுவினேன். நகக்கண்ணில் இருந்த ரத்தம் மட்டும் போகவில்லை.

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. அவர்கள் எதையும் அடுக்கி வைக்கவில்லை. பஞ்சர் கடைக்காரர் என் நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஜெராக்ஸ் அக்கா எதிரில். அரை மணி நேரமாக ஒரு ஆட்டுச் சந்தையில் ஒரு கிடாய்க்குப் பேரம் நடக்கிறதாம். கிடாயின் பல்லைப் பிடித்துப் பார்க்க அக்கா பகடை உருட்டுகிறார். கிடாய் கடித்துவிட்டது என்கிறார் அவர்.

"அப்படியெல்லாம் கடிக்காதுவே" என்று அண்ணாச்சி கைகளைத் துடைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

நான் எழுப்பிவிடப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பஞ்சர் கடைக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். இருங்க என்று சைகை காட்டிவிட்டு, வலது காது அவர் பக்கம் இருக்கும்படி கட்டிலில் உட்கார்ந்தேன்.

"சந்தைக்குப் புதுசா ஒருத்தி வந்திருக்கா" என்றார் என்னைப் பார்த்து. "யாருட்டி நீ? என்ன வாங்க வந்த?"

மேசையில் கிடந்த ஒரு பகடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அவர்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.